ஊசி படாத தட்டு

பினாங்கு குவீன் ஸ்ட்ரீட்டில் முத்துவீரப்பன் வீட்டு மாடியில் இசைத்தட்டு சுழன்றால்தான், ஜெலுத்தோங் அடுக்குமாடியில் இருக்கும் பாடகி லோகேஸ்வரிக்குப் பேச்சு வரும். தட்டு நின்றால் பேச்சும் நின்றுவிடும், ஒரு சொல் பாதியில் இருந்தாலும் சரி. எழுபத்து மூன்றாம் வருஷம் நவம்பர் மாதத்திலிருந்து இதுதான் நிலவரம். மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். தொண்டை சுத்தமாக இருக்கிறது, நாக்கு நன்றாகப் புரள்கிறது, நாளைக்கே பேசலாம் என்று மூன்று பேருமே எழுதிக் கொடுத்தார்கள். இதில் யாரும் வாய் பிளக்க வேண்டியதில்லை. வாய் பிளக்க வேண்டிய விஷயம் வேறு. அந்தத் தட்டுகளை உயிருக்கு உயிராக நேசிப்பதாகச் சொல்லிக்கொண்ட ஒரு கூட்டம், பதினான்கு வருஷம் அவற்றைச் சுழலவே விடவில்லை. அந்த அநியாயத்தை எழுதி வைக்கத்தான் இது.

லோகேஸ்வரி துறைமுகத் தொழிலாளியின் மகள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் வரை கூட்டத்தோடு நடந்து, காவடி எடுப்பவருக்குக் கால் தளரும் இடத்தில் பாட்டெடுத்துத் தூக்கி நிறுத்திய தொண்டை அது. கப்பல்காரர்கள் கொண்டுவந்து விற்ற அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசைத்தட்டுகளைக் கேட்டபோது அவருக்கு அது அந்நியப் பாட்டாகவே படவில்லை. ஒருத்தி கூப்பிடுகிறாள், கூட்டம் பதில் சொல்கிறது, இது நமக்குத் தெரியாததா என்றார். அறுபத்தெட்டில் 'ஏழு சங்குகள்' என்ற இசைக்குழுவில் சேர்ந்து, பின்னால் நின்ற மூன்று பெண்களில் ஒருத்தியாக ஐந்து வருஷம் 'ஆ' போட்டார், 'ஊ' போட்டார். முன்னால் நின்றது குழுத்தலைவர் மோகனராஜ், அவருடைய கிட்டார், அவருடைய தலைமுடி. போதும்டா சாமி என்று வெளியே வந்த லோகேஸ்வரி, தானே எழுதி, தானே மெட்டமைத்து, தமிழில் ஆறு சோல் பாட்டுகள் பாடினார். மூன்று சின்னத் தட்டுகள், தட்டுக்கு இரண்டு பக்கம். ஆர்மேனியன் ஸ்ட்ரீட்டில் ஒரு துணிக்கிடங்குக்கு மேலே இருந்த அறையில் பதிவு நடந்தது. போலீஸ் பேண்டில் ஓய்வு பெற்ற ஹைக்கல் சாக்சஃபோன் வாசித்தார். ஆறாவது பாட்டு முடிந்து, கீழே கோப்பிக் கடையில் உட்கார்ந்து பால் சேர்க்காத கோப்பி ஓ ஒன்று கேட்க லோகேஸ்வரி வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. விரலால் காட்டி வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அச்சடித்தது ஐந்நூறு, விற்றது அறுபத்தொன்று, அவையும் எந்த வீட்டிலும் சுழலவில்லை. மீதியை இசைத்தட்டுக் கடைக்காரர் பாலிக் பூலாவ் தோட்டக்காரர்களுக்குக் கொடுத்துவிட, அவை ரம்புத்தான் மரங்களில் வௌவால் விரட்டத் தொங்கி, வெயிலில் அப்பளமாக வளைந்து போயின. ஏழு சங்குகளின் பாட்டுகளோ இன்றைக்கும் பினாங்கில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் காதைக் கிழிக்கின்றன. அவற்றை நாள் முழுக்கப் போட்டாலும் லோகேஸ்வரிக்கு ஓர் எழுத்துகூட வராது. அவற்றில் அவருடைய குரல் இருக்கிறது, அவர் இல்லை.

எண்பத்து நான்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சௌராஸ்தா பசாரில் கெம்போங் மீனை விரலால் பேரம் பேசிக்கொண்டிருந்த லோகேஸ்வரி, "இந்த நாத்தம் புடிச்ச மீனுக்கு நாலு வெள்ளியா? பகல் கொள்ளை லா இது!" என்றார். பதினோரு வருஷத்துப் பேச்சு அப்படித்தான் திரும்பியது. மூன்று நிமிஷம் பன்னிரண்டு விநாடி மீன்காரரைப் பிடி பிடி என்று பிடித்துவிட்டு மறுபடி ஊமையானார். அதற்குப் பிறகும் அவ்வப்போது வந்தது. வந்த நாளையும் நேரத்தையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் குறித்து வைத்தார். இரண்டு மாதம் கழித்து, வட்டிக்கடைச் செட்டியார் வீட்டு இளைஞர் ஒருவர், ரோப்வாக் பழைய சாமான் சந்தையில் கிடைத்த மூன்று தட்டுகளோடு கையெழுத்து வாங்க வந்தார். அவர்தான் முத்துவீரப்பன். எந்தெந்த நாளில் எத்தனை மணிக்கு அந்தத் தட்டுகளைக் கேட்டு உருகினேன் என்று அவர் சொல்லச் சொல்ல, லோகேஸ்வரி எழுந்து போய் நோட்டை எடுத்து வந்தார். ஒரு வரி பிசகவில்லை. முத்துவீரப்பனுக்குக் கைகால் வெடவெடத்தது. கையெழுத்தை வாங்கிப் பையில் வைத்த பிறகுதான் வெடவெடத்தது.

அதன்பின் இருபது வருஷம் ஏற்பாடு நியாயமாக நடந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஞாயிறு காலை பதினோரு மணிக்கு ரசிகர்கள் ஏழு பேர் முத்துவீரப்பன் வீட்டு மாடியில் கூடி ஆறு பக்கங்களையும் வரிசையாகக் கேட்பார்கள். மொத்தம் பத்தொன்பது நிமிஷம் நாற்பது விநாடி. தட்டைத் திருப்பும் நேரம் தனி. லோகேஸ்வரி வாரம் முழுக்கச் சேர்த்து வைத்ததை ஒரு தாளில் எழுதி, போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். முதல் தட்டில் தண்ணீர்க் கட்டண அலுவலகம், ஞாயிற்றுக்கிழமை என்பதால் அங்கே வேலை செய்யும் பெண்ணின் வீட்டுக்கே. இரண்டாவது தட்டில் மேல்மாடிக்காரியோடு சண்டை. மூன்றாவது முழுக்கச் சுங்கைப் பட்டாணியில் இருந்த தங்கை புஷ்பவள்ளிக்கு. தட்டு திரும்பும்போது இரண்டு பக்கமும் பேசாமல் காத்திருப்பார்கள். தங்கை அந்த இடைவெளியில் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவாராம். யாரோ புத்திசாலி கேசட்டில் பதிவு செய்து போட்டுப் பார்த்தார். கேசட் பாடியது, லோகேஸ்வரிக்கு ஒன்றும் வரவில்லை. ஊசி தட்டில் உரச வேண்டும், அதுதான் கணக்கு.

உரசல்தான் வினையாயிற்று. இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்தத் தட்டுகளைத் தேட ஆரம்பித்தார்கள். உலகத்திலேயே நல்ல நிலையில் இருப்பது இந்த ஒரே தொகுதிதான் என்று முத்துவீரப்பனுக்கு எழுதினார்கள். மனிதர் தலைகால் புரியாமல் ஆனார். ஒவ்வொரு முறை ஊசி போகும்போதும் பள்ளத்தின் சுவர் ஒரு மயிரிழை தேய்கிறது என்று ஒரு சஞ்சிகையில் படித்தார். வாரம் ஒருமுறை மாதம் ஒருமுறையாயிற்று, பிறகு தைப்பூசத்துக்கு ஒருமுறை. இரண்டாயிரத்துப் பதினொன்றில் மூன்று தட்டும் ஈரம் புகாத பெட்டிக்குள் போய், நம்பர் பூட்டுக்குள் அடங்கின. இசையை நேசித்தே அதைக் கேட்காமல் ஆக்குவது இந்தச் சேகரிப்பாளர்களுக்கு மட்டுமே வரும் வியாதி. கூட்டம் நின்றதா? அதுதான் இல்லை! ஞாயிறு தவறாமல் ஏழு பேரும் வந்தார்கள். பொன்னம்மை, அதாவது முத்துவீரப்பனின் மனைவி, பின்கட்டில் சுட்டுக் கொடுத்த வடையைத் தின்றுகொண்டு, தட்டின் நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தின் நிறத்தைப் பேசினார்கள். இரண்டாவது தட்டின் பின்பக்கத்தில் லோகேஸ்வரி மூச்சு வாங்கும் இடத்தைப் பற்றி ஒருவர் பதினெட்டுப் பக்கம் கட்டுரை வாசித்தார். எல்லோரும் கண் கலங்கினார்கள்.

லோகேஸ்வரி சும்மா இருக்கவில்லை. 'தட்டைப் போடுங்கள்' என்று கடிதம் எழுதினார். பதில் இல்லை. 'தயவுசெய்து தட்டைப் போடுங்கள்' என்று எழுதினார். பிறகு தயவுசெய்தை எடுத்துவிட்டு, வேறு சில சொற்களைச் சேர்த்து எழுதினார். அட பாவிகளா, அந்தக் கடிதங்களை என்ன செய்தார்கள் தெரியுமா? கண்ணாடிச் சட்டம் போட்டு மாடிச் சுவரில் வரிசையாக மாட்டினார்கள். கீழே சின்ன அட்டை: 'கலைஞரின் கையெழுத்து, கறுப்பு மை, 2013.' வாட்ஸ்அப் வந்த பிறகு அவர் அனுப்பிய செய்திகளை அச்செடுத்து லேமினேட் செய்தார்கள். அத்தனை கண்ணாடிக்கு நடுவே உட்கார்ந்து வடை தின்ன அவர்களுக்குத் தொண்டையில் இறங்கியது என்றால், என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

போன வருஷம் ஹுஸ்னா வந்து சேர்ந்தார். தமிழ் முஸ்லிம் பெண், முப்பது வயது, பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் என்ஜினியர். சோல் பாட்டென்றால் பைத்தியம், லோகேஸ்வரி பெயரைக் கேள்விப்பட்டுத் தேடிக்கொண்டு வந்தவர். மூன்று ஞாயிறு பொறுமையாக உட்கார்ந்தார். நான்காவது ஞாயிறு, "அங்கிள், பாட்டு எப்ப போடுவீங்க?" என்று கேட்டார். மாடி முழுக்கச் சிரித்தது.

"இது மின்ட் கண்டிஷன்மா, அச்சடிச்ச அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கு," என்றார் முத்துவீரப்பன், குழந்தைக்குச் சொல்வது போல. "ஊசி பட்டா போச்சு."

"அப்ப அந்த ஆன்ட்டி எப்படிப் பேசுவாங்க?"

"அவங்க குரலைத்தானே நாம பத்திரமா வெச்சிருக்கோம்."

ஹுஸ்னா சுவரைப் பார்த்தார். அங்கே தொங்கியவற்றை அவர் அலங்காரமென்று நினைத்திருந்தார். அன்றைக்குத்தான் ஒவ்வொன்றாகப் படித்தார். படித்து முடித்து வடையைத் தொடாமல் எழுந்து, நேரே ஜெலுத்தோங் போய், எட்டாவது மாடியில் கதவைத் தட்டி, நான் உங்கள் ரசிகை, என்னை மன்னித்துவிடுங்கள் என்றார்.

அந்தச் சமயத்தில்தான் பாரம்பரியக் குழு ஒன்று ஏழு சங்குகளுக்குக் கண்காட்சி அறிவித்தது. திறப்பு விழா செப்டம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணி, தலைமை விருந்தினர் மோகனராஜ். வயது எண்பத்தைந்து ஆனாலும் தலைமுடியில் குறை வைக்கவில்லை. காட்சிப் பலகைக்கு எழுதிய வாசகத்தை முன்கூட்டியே பத்திரிகையில் போட்டார்கள். 'லோகேஸ்வரியின் தனித்தட்டுகள், மோகனராஜ் எழுதிக் கொடுத்த பாடல்களைக் கொண்டு செய்யப்பட்ட ஒரு தோல்வி முயற்சி. தற்பெருமையால் குரலைக் கெடுத்துக்கொண்ட பாடகி பிறகு பாடவில்லை.' வாய் கூசாமல் எழுதியிருந்தார்கள்! எண்பத்தோரு வயது லோகேஸ்வரி அதைக் கத்தரித்து எடுத்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார். அந்த மேடைக்கு எதிரில் நின்று, இது பொய் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அவருக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. எழுதிக் கொடுங்கள், நான் வாசிக்கிறேன் என்றார் ஹுஸ்னா. லோகேஸ்வரி மாட்டேன் என்று தலையை ஆட்டினார். ஹுஸ்னா எழுத்தைப் படித்துக் காட்டும் செயலியைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினார். லோகேஸ்வரி ஒரு வரி கேட்டுவிட்டு, 'இது ரயில் ஸ்டேஷனில் பேசும் பெண். என் வாயைப் பொத்தினார்கள், என் வாய்தான் பேச வேண்டும்' என்று எழுதினார்.

அடுத்த ஞாயிறு ஹுஸ்னா அந்த ரசிகர் மன்றத்தில் கெஞ்சினார். சனிக்கிழமை நான்கு மணிக்கு ஒரே ஒரு முறை ஆறு பக்கமும் போடுங்கள், அந்த அம்மா பேசட்டும். ஏழு பேரும் முகத்தை மிக வருத்தமாக வைத்துக்கொண்டார்கள். லோகேஸ்வரிக்கு நேர்ந்த அவமானத்தைக் கண்டித்து ஒரு தீர்மானம் நிறைவேற்றலாம் என்றார் ஒருவர். நிறைவேற்றினார்கள். தட்டைப் போடுவது பற்றிக் கை தூக்கச் சொன்னபோது ஹுஸ்னாவின் கை மட்டும் தனியாக நின்றது. "கொஞ்சமாச்சும் வெக்கம் இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். விழாவுக்கு எல்லோரும் சட்டையில் மன்றச் சின்னம் குத்திக்கொண்டு போவது என்று முடிவாயிற்று.

லோகேஸ்வரியும் போனார். பேச்சு வராது என்று தெரிந்தே, நீலச் சேலை கட்டி, ஹுஸ்னா ஓட்டிய காரில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மோகனராஜ் மைக்கைப் பிடித்தார். தனித்தட்டுகளைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசினார். பாவம், ஆசைப்பட்டாள், நான்தான் பாட்டெழுதிக் கொடுத்தேன் என்றார். ரசிகர் வரிசையில் ஏழு பேரும் முணுமுணுத்தார்கள், ஒருவரும் எழவில்லை. "சாக்சஃபோன்கூட நம்ம குழுப் பையன்தான் வாசிச்சான்," என்றார் மோகனராஜ்.

முத்துவீரப்பன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். முகம் சிவந்து, காது துடித்தது. ஹைக்கல்! அது ஹைக்கல்! முப்பது வருஷம் போலீஸ் பேண்டில் வாசித்த ஹைக்கல், மூன்றாவது தட்டின் முன்பக்கத்தில் இரண்டாவது சரணத்துக்குப் பிறகு எட்டு எண்ணிக்கை வாசித்த ஹைக்கல்! ஒரு பெண் பதினான்கு வருஷம் வாய் திறக்காமல் கிடந்ததற்குத் துடிக்காத மனம் சாக்சஃபோனுக்குத் துடித்தது. அப்படிப்பட்டவர்கள் இவர்கள். இருந்தாலும் துடித்ததே, அது வரைக்கும் நல்லது. வெளியே ஓடி வீட்டுக்குப் போன் போட்டார்.

"பொன்னம்மை, மாடிக்குப் போ. பெட்டியத் தொற. நம்பர் ஒண்ணு ஒண்ணு ஏழு மூணு. ஆறு பக்கத்தையும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணாப் போடு. இரு, இரு, மொதல்ல கையொற போட்டுக்க. வெளிம்பப் புடி, நடுவுல வெரல் படக்கூடாது, ஊசிய வெக்குறப்ப..."

பொன்னம்மை போனை வைத்துவிட்டார். வடை மாவு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மாடியேறினார். தட்டின் நடுவிலேயே பிடித்துத் தூக்கினார்.

முத்துவீரப்பன் இடத்துக்குத் திரும்பி, அரங்கத்தில் மோகனராஜுக்கான கைதட்டல் ஓய்ந்துகொண்டிருந்தபோது லோகேஸ்வரிக்குத் தொண்டையில் சூடு ஏறியது. எழுந்தார்.

"மோகனராஜ் அண்ணே, உக்காருங்க. முட்டி வலிக்கும்," என்றார். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டது. "ஆறு பாட்டையும் எழுதுனது நான். ஜெலுத்தோங் பஸ்ஸுல, டிக்கட்டுக்குப் பின்னால எழுதுனேன். இல்ல, நீங்கதான் எழுதிக் குடுத்தீங்கன்னா, ரெண்டாவது தட்டு பின்பக்கம் ரெண்டாவது அடி என்ன? சொல்லுங்க. வெயிட் பண்றேன் லா."

மோகனராஜ் கூரையைப் பார்த்தார். ரசிகர் வரிசையில் அந்த அடியைச் சொல்லி ஏழு வாய்கள் சத்தமில்லாமல் அசைந்தன. அரங்கம் காத்திருந்தது. தட்டு திரும்பும் நேரம் வந்து லோகேஸ்வரி சட்டென்று நின்றபோது, பேச்சு முடிந்ததென்று அறிவிப்பாளர் நன்றி சொல்ல வந்தார். லோகேஸ்வரி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். பொன்னம்மைக்குப் பழக்கமில்லை, ஒவ்வொரு முறை திருப்பவும் ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த நிமிஷம் முழுக்க இருநூறு பேர் அசையாமல் இருந்தார்கள். தட்டுக்குத் தட்டு லோகேஸ்வரி ஒவ்வொரு பாட்டும் எங்கே பிறந்தது, யார் என்ன வாசித்தார்கள் என்று சொன்னார். ஹைக்கலின் பெயரை இரண்டு முறை சொன்னார். பலகையில் இருந்த வாசகத்தை ஹுஸ்னா கழற்றிக் கீழே வைத்தபோது யாரும் தடுக்கவில்லை. மோகனராஜ், "மறந்துட்டேன்மா," என்றார். "நீங்க மறக்கல," என்றார் லோகேஸ்வரி, அதோடு அவரை விட்டார்.

மூன்றாவது தட்டின் பின்பக்கம் தொடங்கியபோது சட்டையில் சின்னம் குத்தியவர்கள் பக்கம் திரும்பினார்.

"அவரு என் பாட்டத் திருடுனாரு. நீங்க என்னயே பெட்டியில வெச்சுப் பூட்டுனீங்க. எது பெருசு? புஷ்பவள்ளி செத்த அன்னிக்கு ஞாயித்துக்கெழம. கூடப் பொறந்தவ கெடக்கா, எனக்கு வாய்விட்டு அழ சத்தம் வரல. நீங்க அன்னிக்கு என் மூச்சப் பத்திக் கட்டுர படிச்சுக்கிட்டு இருந்தீங்க. தேஞ்சிருமாம், தேஞ்சிருமாம்! தேயட்டுமே! என் கொரலு, நான் தேச்சுக்கிறேன். அலமாரிக்கா பாடுனேன்? ஒருத்தராச்சும் கேக்கட்டும்னு பாடு..."

நின்றுவிட்டது. ஆறு பக்கமும் முடிந்தன. முத்துவீரப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லோகேஸ்வரி உட்கார்ந்து ஹுஸ்னா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். வந்த வேலை முடிந்தது. அறிவிப்பாளர் அடுத்த நிகழ்ச்சியைத் தட்டுத் தடுமாறிச் சொன்னார். ஏழு சங்குகளில் மிச்சமிருந்த இரண்டு பேர் மெதுவாக வாத்தியங்களைச் சுருதி கூட்டினார்கள்.

அப்போது லோகேஸ்வரிக்குத் தொண்டையில் மறுபடி சூடு ஏறியது. கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். ஆறு பக்கமும் முடிந்துவிட்டன, இனிப் போடச் சொன்னவர் யாருமில்லை. ஹுஸ்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மெல்ல, கையில் தாளில்லாமல், என்ன சொல்வதென்று முன்னால் யோசித்து வைக்காமல் பேசினார். "ரெண்டாவது தட்டு லா இது. திருப்பிப் போடுறாங்க. யாருக்கோ பாட்டு புடிச்சிருக்கு." பிறகு வாய்விட்டு அழுதார். மூன்று நிமிஷத்துக்கு மேல் அந்த அழுகை அரங்கம் முழுக்கக் கேட்டது. ஒருவரும் அவரைத் தேற்றவில்லை, தேற்றக்கூடாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

முத்துவீரப்பன் வீட்டுக்கு ஓடி வந்தபோது பொன்னம்மை மாடியில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கருப்புத் தட்டுகளில் மாவு விரல்கள் பதிந்திருந்தன. "நான் வாக்கப்பட்டு வந்த முப்பத்தேழு வருஷமா இந்தப் பாட்டப் பத்தியே பேசினீக," என்றார், திரும்பிப் பார்க்காமல். "ஒரு நாளாச்சும் வந்து உக்காந்து கேளுன்னு சொன்னீகளா?" முத்துவீரப்பனும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

இப்போது தட்டுகள் பொன்னம்மை வசம். அவருக்கு ஞாயிறென்றும் பதினோரு மணியென்றும் கிடையாது. மனம் வந்தால் போடுவார், காலையில் ஒன்று, வெங்காயம் நறுக்கும்போது ஒன்று, அந்தியில் நான்கைந்து. லோகேஸ்வரிக்குப் பேச்சு பஸ்ஸில் வருகிறது, மின்தூக்கியில் வருகிறது, குளிக்கும்போது வருகிறது. மேல்மாடிக்காரியோடு விட்ட சண்டையைத் தொடர்கிறார். மூன்றாவது தட்டின் முன்பக்கத்தில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. அந்த இடம் வந்தால் ஊசி எகிறும், லோகேஸ்வரி ஒரே சொல்லை நான்கைந்து முறை சொல்வார். மீன்காரர் கையில் பையைப் பிடித்தபடி நிற்பார், ஊசி தாண்டும் வரைக்கும்.